புதுப்பிப்பு: வேன் பிரேக் பெடல் இப்போது பிடிக்கிறது

25 ஆண்டு பழைய எங்கள் வேனில் முதல் மிதிக்குப் பெடல் தரையைத் தொடுகிறது, இரண்டாம் மிதிக்குத்தான் பிடிக்கிறது, மூன்று முறை காற்று எடுத்தும் (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றியும்) பயனில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொன்னவர்களே அதிகம். நல்லவேளை, அவசரப்படவில்லை.

பெடலை இரண்டு முறை மிதித்து மேலே கொண்டுவந்து, ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தேன். துளியும் இறங்கவில்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருந்தால் பெடல் மெல்ல அமிழ்ந்திருக்கும்.

பிறகு பின் சக்கரங்களின் பிரேக் டிரம்களைப் பார்த்தேன். தட்டாமலேயே கையோடு வந்துவிட்டன. டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூ அவ்வளவு உள்ளடங்கியிருந்தது. சக்கரத்தைச் சுற்றினால் லேசாக உரசும்வரை அட்ஜஸ்டரைத் திருகினேன். பாதிக் குறை தீர்ந்தது.

மீதிப் பாதி என் தவறு. வண்டியைத் தூக்கி, பின் அச்சு தொங்கும் நிலையில் காற்று எடுத்திருக்கிறேன். சுமைக்கேற்பப் பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு இந்த வேனில் உண்டு. அச்சு தொங்கினால் வண்டி காலி என்று கொண்டு அது ஆயிலை ஒடுக்கிவிடுகிறது. இம்முறை சக்கரங்களைப் பலகைமேல் நிறுத்தி, இடது பின் சக்கரத்தில் தொடங்கினேன். குழாயில் டிகாக்‌ஷன் நிறத்தில் பழைய ஆயிலும், கூடவே கடுகளவு குமிழிகளும் வந்துகொண்டே இருந்தன. தெளிந்த ஆயில் வந்த பிறகே காற்று எடுக்கும் நிப்பிளை மூடினேன்.

முதல் மிதியிலேயே பெடல் கல்லாக நிற்கிறது. ஆனால் ஷூவைத் தள்ளும் இடது பின் வீல் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஆயில் ஈரம் தெரிகிறது. ஞாயிறன்று இரு பக்கமும் மாற்றுகிறேன். அதுவரை வேனை எடுக்க மாட்டேன்.