உச்சிப்புளி அடுக்குத் தேனீ: மரபணுச் சோதனையில் துணையினம் தெளியவில்லை, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்பில் அடுக்குத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். உள்ளூரில் பிடித்த கூட்டங்கள் மஞ்சளாக இருக்க, கொடைக்கானல் அடிவாரத்திலிருந்து வாங்கியவை மட்டும் நன்றாகக் கருத்திருக்கின்றன. இரண்டிலும் மைட்டோகாண்ட்ரியாவின் (தாய்வழியே மட்டும் வரும் டிஎன்ஏ உள்ள செல் உறுப்பு) சிஓ1 என்னும் மரபணுப் பகுதியைச் சோதித்தபோது, ‘ஏபிஸ் செரனா’ என்ற இனப்பெயர் மட்டுமே முடிவாக வந்தது; துணையினம் தெரியவில்லை. டிஎன்ஏவை வெட்டும் டிரா-1 நொதியால் வெட்டிப் பார்த்தால் துணையினம் தெரியும் என்கிறார்கள். அதற்குச் செலவு செய்யலாமா?

மறுமொழி 1:
வேண்டாம் ஐயா. டிரா-1 சோதனை ஏபிஸ் மெல்லிஃபெரா என்னும் வேறொரு தேனீ இனத்தின் ஆப்பிரிக்க, ஐரோப்பியத் தாய்வழிகளைப் பிரிப்பதற்கென்று உருவானது. அதன் ஒப்பீட்டு வடிவங்கள் நம் தேனீக்குப் பொருந்தா. ஆய்வகம் ஒப்பிட்டுப் பார்க்கும் மரபணுத் தரவுத்தளம் காட்டும் பெயரும், அந்த டிஎன்ஏ எழுத்து வரிசையை முன்பு பதிவு செய்தவர் இட்ட பெயர்தான். ஆகவே பெயரை விட்டுவிட்டு, உங்கள் மஞ்சள், கறுப்பு வரிசைகளை நேருக்கு நேர் வைத்து எந்தெந்த இடத்தில் எழுத்து மாறுகிறது என்று பாருங்கள். தென்னிந்தியாவின் மஞ்சள் நிறச் சமவெளி வகையும் கருநிற மலைப்பகுதி வகையும் மைட்டோகாண்ட்ரிய வரிசையில் வேறுபடுவது முன்பே பதிவாகியுள்ளது. ஆய்வகம் தந்த அறிக்கைத் தாள் இதற்குப் போதாது. மூல வரிசைக் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி, ஆனால் மைட்டோகாண்ட்ரியா ராணியின் தாய்வழியை மட்டுமே சொல்லும். ராணி பறந்து சென்று பல ஆண் தேனீக்களுடன் இணைவதால், கறுப்புக் கூட்டத்தின் புதிய ராணி உங்கள் தோப்பின் மஞ்சள் ஆண்களோடு கலந்திருந்தாலும் சிஓ1 முடிவு மாறாது. இனக்கலப்பை அறிய, தாய், தந்தை இருவரின் பங்கையும் காட்டும் உட்கரு டிஎன்ஏ குறியீடுகள், அதாவது மைக்ரோசாட்டிலைட் (திரும்பத் திரும்ப வரும் சிறு டிஎன்ஏ துண்டு) அல்லது எஸ்என்பி (ஓர் எழுத்து மட்டும் மாறும் இடம்) சோதனை, தேவை. வேலைக்காரத் தேனீக்களை 95 விழுக்காட்டுக்குக் குறையாத எத்தனாலில் (சாராயத்தில்) போட்டு, உடல் நீர் சாராயத்தை நீர்க்கச் செய்வதால் மறுநாள் அதை மாற்றி, குளிர்பெட்டியில் வையுங்கள். நம் கடற்கரை வெயிலில் வெளியே வைத்தால் டிஎன்ஏ சிதைந்துவிடும். ஃபார்மலின் கூடவே கூடாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. வேலைக்காரத் தேனீக்குப் பதிலாக ஆண் கூட்டுப்புழுக்களை அனுப்பலாமா? நடுவில் துளையுள்ள மூடிகளோடு ஓர் அடை நிறைய இருக்கின்றன.

மறுமொழி 2:
இனக்கலப்பு உண்டா என்ற கேள்விக்கு அது உதவாது. ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து வருவதால் அதில் ராணியின் மரபணுக்கள் மட்டுமே இருக்கும். ராணியோடு இணைந்த ஆண்களின் பங்கு வேலைக்காரத் தேனீயில்தான் தெரியும். ஒரே கூட்டத்திலிருந்து பல வேலைக்காரத் தேனீக்களை எடுத்து, கூட்டத்துக்கு ஒரு குப்பியாக, பென்சிலில் எழுதிய சீட்டை உள்ளேயே போட்டு அனுப்புங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.