பெரிய கோயில் நிழல் கதைக்குத் தனிக் கட்டுரை எழுதலாமா?

தஞ்சைவாசி கேட்டது:

வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்திருக்கிறேன், புதுக் கட்டுரை தொடங்கியதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்வார்களே, அதற்குத் தனிக் கட்டுரை எழுதலாமா?

நாலாம் வகுப்பில் டீச்சர் சொல்லி நம்பியவன் நான். போன மார்கழியில் அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். கால் சுடுகிறது என்று சின்னவள் ஓடிப்போய் வடக்கே, சண்டிகேசுவரர் சந்நிதி இருக்கிற பக்கம், நிழலில் நின்றுகொண்டு "மாமா, இது எதோட நிழல்?" என்றாள். அண்ணாந்து பார்த்தால் விமானம்தான்! படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மணல்தொட்டியில் (விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகுகிற பக்கம்) இரண்டு பத்தி எழுதியாயிற்று. ஆனால் உண்மையில்லாத ஒன்றுக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் கேட்பது சரியா என்று தயக்கம்.

பழைய பங்களிப்பாளர்:

உண்மையில்லை என்பது ஒரு தடையே இல்லை. பெங்களூரில் தொண்ணூறுகளில் வீட்டுக் கதவில் "நாளே பா" (கன்னடத்தில் "நாளைக்கு வா") என்று எழுதி வைத்தார்கள், ராத்திரி வந்து கதவைத் தட்டுகிற பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்று. பேய் வந்ததா என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை, ஜனங்கள் கதவில் எழுதினார்கள் என்பது நடந்தது, அதைப் பற்றி எழுதவும் செய்தார்கள்.

பார்க்க வேண்டியது குறிப்பிடத்தக்கமை. அதாவது கோயிலைப் பற்றி அல்ல, இந்தக் கதையைப் பற்றியே உங்களுக்குத் தொடர்பில்லாத இரண்டு மூன்று பேர் கொஞ்சம் விரிவாக எழுதி அச்சில் வந்திருக்கிறதா என்பது. "நிழல் விழாத அதிசயக் கோயில்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்ட சுற்றுலா மலர்கள் எத்தனை இருந்தாலும் கணக்கில் வராது, அவை கதையைத் திருப்பிச் சொல்கின்றன, அவ்வளவுதான்.

அப்புறம் உங்கள் படம் சான்றாகாது, அது சொந்த ஆய்வு, அதாவது வேறு யாரும் வெளியிடாமல் நீங்களே கண்டு சொல்வது. விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கிற பொதுவகத்தில் ஏற்றுங்கள், கட்டுரையில் அழகாக இருக்கும். ஆனால் "கதை தவறு" என்ற வரிக்கு அச்சில் சொன்ன ஒருவர் வேண்டும்.

கல்வெட்டு வாசகர்:

சொன்ன ஒருவர் இருக்கிறார். வரலாற்று ஆய்வாளர் குடவாயில் பாலசுப்ரமணியன் இந்தக் கதையையும், உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதையும் சேர்த்தே மறுத்திருக்கிறார். அங்கிருந்து தொடங்குங்கள்.

எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது கல்வெட்டுகள்தான். 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் மேல் வைக்கச் செப்புக்குடம் கொடுத்ததை ராஜராஜன் நாள் கணக்கோடு வெட்டி வைத்திருக்கிறார். ஒரு விளக்குக்கு நெய் தர 96 ஆடு, யார் பொறுப்பில் விட்டது, எல்லாம் இருக்கிறது. இவ்வளவு எழுதியவர்கள் நிழலை வேண்டுமென்றே விழாமல் செய்திருந்தால் அதைச் சொல்லாமல் விட்டிருப்பார்களா?

ஆனால் கதை ஒன்றுமில்லாததிலிருந்து முளைத்ததும் அல்ல. விமானம் 200 அடிக்கு மேல் உயரம், அடித்தளம் சுமார் 100 அடிச் சதுரம், மேலே போகப் போகக் குறுகுகிறது. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் தஞ்சாவூருக்கு நேர் உச்சியில் வருகிற நாட்களில், நண்பகலில் அதன் நிழல் அதன் மேலேயே அடங்கிவிடும். வெயில் காலத்தில் உச்சிப்பொழுதில் வந்து பார்த்தவர் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் அடித்தளத்தைத் தாண்டி வடக்கே 80 அடி வாக்கில் போகும். உங்கள் அக்கா மகள் நின்றது அதில்தான்.

காவேரிக்கரை:

எனக்குத் தனிக் கட்டுரையில் உடன்பாடில்லை. மொபைலில் தேடுகிறவர் தலைப்பைத்தான் பார்ப்பார். "நிழல் விழாத விமானம்" என்று தலைப்பு இருந்தால் உள்ளே என்ன எழுதியிருந்தாலும், விக்கிப்பீடியாவிலேயே போட்டிருக்கிறது என்று அடுத்த வாட்ஸ்அப் செய்தி கிளம்பிவிடும்.

பெரிய கோயில் பற்றிய கதைகள் என்று எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் கொண்டுவந்தால் என்ன? சாரப்பள்ளம் என்கிற ஊரிலிருந்து சாரம் கட்டி உச்சிக் கல்லை ஏற்றியது, வளர்ந்துகொண்டே போன நந்திக்கு ஆணி அடித்து நிறுத்தியது. பதவியில் இருப்பவர் உள்ளே போனால் பதவிக்கு ஆகாது என்பதையும் விடாதீர்கள், பத்திரிகைகளில் அதிகம் எழுதப்பட்டது அதுதான். 1984-ல் இந்திரா காந்தியும் எம்.ஜி.ஆரும் வந்து போனதிலிருந்து 2010-ல் ஆயிரமாவது ஆண்டு விழா வரைக்கும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

இன்னொன்று. மூடநம்பிக்கை என்ற சொல்லைத் தயவுசெய்து எங்கேயும் போடாதீர்கள். என் பாட்டி ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் நந்தி முன்னால் நின்று அந்த ஆணிக் கதையைச் சொல்வார். அந்த நந்தி நாயக்கர் காலத்தது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன், அதற்காகப் பாட்டி சொன்னது மட்டமாகிவிடாது. இன்னார் இப்படிச் சொல்கிறார்கள், ஆய்வாளர் இப்படி மறுக்கிறார், இது போதும்.

தஞ்சைவாசி:

எல்லோருக்கும் நன்றி. உண்மையா பொய்யா என்பதிலேயே நின்றுவிட்டேன், கதையைப் பற்றி யார் எழுதியிருக்கிறார்கள் என்று தேடவே இல்லை. சரி, ஒரே கட்டுரையாகவே போகிறேன், நிழல் அதில் ஒரு பகுதி. மணல்தொட்டியில் முதல் வரியிலேயே மூடநம்பிக்கை என்று எழுதியிருந்தேன், இப்போதுதான் எடுத்தேன். சனிக்கிழமை நூலகத்துக்குப் போய்ப் பக்க எண்களோடு குறித்துக்கொண்டு வருகிறேன். சாரப்பள்ளக் கதையை விரிவாக எழுதிய பழைய நூல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், அதற்குத்தான் இன்னும் ஒரு சான்றும் கையில் இல்லை.