மொரட்டாண்டி டோல்: பி.ஒய். மஞ்சள் போர்டு கார்களுக்குச் சலுகை உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரியில் சொந்தமாக டாக்சி ஓட்டுகிறேன். கோரிமேடு தாண்டி திண்டிவனம் பக்கம் சவாரி என்றாலே மொரட்டாண்டி டோல்கேட்தான். சென்னை என்றால் கூடவே ஆத்தூர், பரனூர் டோல்கேட்டுகளும்.

ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் சொந்தக் கார்களுக்கு மட்டும்தான், எங்களுக்குக் கிடையாது. 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கான மாத பாஸும் அப்படியே. சரி, விடுங்கள்.

2008 தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில், டோல்கேட் இருக்கும் மாவட்டத்தில் பதிவான வாடகை வண்டிக்குப் பாதிக் கட்டணம் என்று இருக்கிறது. நேஷனல் பர்மிட்டில் ஓடும் வண்டி இதில் சேராது. ஆனால் மொரட்டாண்டி விழுப்புரம் மாவட்டம், என் வண்டி புதுச்சேரிப் பதிவு, பி.ஒய். 01. கூப்பிடு தூரத்தில் இருக்கிற எனக்கு முழுக் கட்டணம், செஞ்சிக்காரருக்குப் பாதியா? இது என்ன கணக்கோ!

பி.ஒய். பதிவு மஞ்சள் போர்டுக்கு யாராவது இந்தச் சலுகை வாங்கியிருக்கிறீர்களா? கவுன்ட்டரில் கேட்டால் ஆளுக்கொரு பதில். மனு யாருக்குக் கொடுப்பது, ஆர்.சி. தவிர என்ன கேட்பார்கள்?

அப்புறம், 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வர சேர்த்து ஒன்றரை மடங்குதானே? ஃபாஸ்டேக்கில் இரண்டு தடவையும் முழுசாகப் பிடித்திருக்கிறார்கள். நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குச் சொல்லி பணம் திரும்ப வந்தவர்கள் இருந்தால் விவரம் போடுங்கள்.