இன்வெர்ட்டர் என்றால் எந்த இன்வெர்ட்டர்?

அத்தை, காலை 7:42
அனைவருக்கும் வணக்கம். மைக்ரோவேவ் அடுப்பு நேற்றிரவு முதல் சூடாக்குவதில்லை. விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, விசிறியும் ஓடுகிறது. ஆனால் அரை நிமிடம்கூட ஆகாமல் நின்றுபோய், திரையில் எச்98 என்று காட்டுகிறது. கையேட்டைப் பார்த்த பாபு, இன்வெர்ட்டர் கோளாறு என்கிறான். அதைக் கேட்டதும் உங்கள் மாமா பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

சித்தப்பா, 7:45
ஊற்றட்டும். அந்த இன்வெர்ட்டரை மாற்றச் சொல்லி நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

அக்கா, 7:46
ஐயோ, மாமா!

பெரியப்பா, 7:58
மாப்பிள்ளையை முதலில் அங்கிருந்து எழுப்புங்கள். அந்த இன்வெர்ட்டர் வேறு, இது வேறு. பழைய வகை அடுப்பில் தூக்கவே முடியாத கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். இந்த வகையில் அதற்குப் பதிலாக இன்வெர்ட்டர் என்ற பெயரில் உள்ளே இருக்கும் ஒரு சிறிய போர்டு, வீட்டு மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, அதை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, உள்ளங்கையில் அடங்கும் ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஏறத்தாழ 4,000 வோல்ட்டாக உயர்த்தி மேக்னட்ரானுக்குக் கொடுக்கிறது. மேக்னட்ரான்தான் 2,450 மெகாஹெர்ட்ஸ் அலைகளை உண்டாக்கிச் சூடாக்குகிறது.

அத்தை, 8:01
பெரியண்ணா, போர்டு போய்விட்டதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பெரியப்பா, 8:09
அதைத்தான் அந்த எண் சொல்லாது. கட்டுப்பாட்டுப் போர்டு இன்வெர்ட்டருக்கு வேலையைத் தொடங்கச் சொல்லி சிக்னல் அனுப்பும். எவ்வளவு மின்னோட்டம் இழுக்கப்படுகிறது என்ற தகவல் அங்கிருந்து திரும்பி வர வேண்டும். எதிர்பார்த்த அளவு வராவிட்டால் அடுப்பை நிறுத்தி இந்த எண்ணைக் காட்டும். வேலை நடக்கவில்லை என்று புகார் செய்கிறதே தவிர, யார் செய்யவில்லை என்று காட்டிக்கொடுப்பதில்லை. இன்வெர்ட்டர் போர்டாகவும் இருக்கலாம், மேக்னட்ரானாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் இடையிலுள்ள இணைப்பாகவும் இருக்கலாம்.

சித்தப்பா, 8:10
அப்படியே நம் குடும்பம்.

பாபு, 8:14
பெரிய மாமா, பின்புறத் திருகுகளையெல்லாம் கழற்றிவிட்டேன். மூடியைத் தூக்குவதுதான் பாக்கி.

பெரியப்பா, 8:14
தூக்காதே.

பெரியப்பா, 8:19
பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்தேக்கியில் மின்னேற்றம் மிச்சமிருக்கலாம். பிளக் செருகியிருக்கும்போதோ, போர்டின் மேல் சூட்டை வெளியேற்றும் அந்த அலுமினிய ஹீட் சிங்க்கிலேயே மின்சாரம் இருக்கும். பார்த்தால் வெறும் தகடு போலத்தான் தெரியும். வீட்டிலுள்ள பொருட்களில் மூடியைத் திறந்து பழகக் கூடாத பொருள் இதுதான். திருகுகளைத் திரும்பப் போட்டுவிட்டு மெக்கானிக்கை அழை.

அக்கா, 8:20
எல்லாத் திருகுகளையும் போடு. ரேடியோ கதை ஆகிவிடக் கூடாது.

பெரியப்பா, 8:22
அந்த ரேடியோவை நான் கழற்றவில்லை. யாரோ கழற்றிப் போட்டிருந்ததை மூடத்தான் முயன்றேன்.

அத்தை, 8:23
மிச்சமான மூன்று திருகுகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. அது போகட்டும், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கதவை இடது கையால் அழுத்திப் பிடித்தால்தான் அடுப்பு ஓடும். சின்னண்ணா வீடு மாறும்போது கொடுத்த நாளிலிருந்தே அப்படித்தான்.

சித்தப்பா, 8:24
நான் கொடுத்தபோது கதவு நன்றாகத்தான் இருந்தது.

பெரியப்பா, 8:31
தம்பி, பொறு. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? கதவுக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று சிறு சுவிட்சுகள் இருக்கும். அவற்றில் ஒன்று சரியாகத் தொடாவிட்டால், விளக்கும் தட்டும் வழக்கம்போல இயங்கும், ஆனால் இன்வெர்ட்டருக்குப் போகும் மின்சாரம் மட்டும் நின்றுவிடலாம். அப்போதும் இன்வெர்ட்டர் மீதே பழி விழும். கதவு தானாகச் சரியாக மூடாத அடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டவே கூடாது.

பாபு, மதியம் 1:37
மெக்கானிக் வந்து பார்த்துவிட்டார். மல்டிமீட்டரில் மேக்னட்ரானுக்குள் சூடேறும் கம்பியான ஃபிலமென்ட் 1 ஓமுக்கும் குறைவாகக் காட்டியது. ஃபிலமென்டுக்கும் உடலுக்கும் இடையே தொடர்பு எதுவும் இல்லை. இரண்டும் நல்ல அறிகுறி என்றார். ஆனால் மேக்னட்ரானில் செருகியிருக்கும் இரண்டு கம்பி முனைகளில் ஒன்று தொட்டாலே ஆடுகிறது. அதன் தகடு தேன் நிறத்துக்கு மாறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகிச் சுருங்கியிருக்கிறது. இருந்தாலும் போர்டை மாற்றிவிடலாம் என்கிறார்.

பெரியப்பா, 1:52
எதற்கு? ஃபிலமென்டுக்குக் கிடைப்பதே 3 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான், ஆனால் அது இழுப்பது ஏறத்தாழ 10 ஆம்பியர். தளர்ந்த முனையில் 0.1 ஓம் தடை சேர்ந்தாலே 1 வோல்ட் அங்கேயே போய்விடும். 10 வாட் வெப்பமும் அந்த ஒரே இடத்தில் உண்டாகும். தகடு நிறம் மாறியதற்குக் காரணம் அதுதான். ஃபிலமென்ட் போதிய அளவு சூடேறாவிட்டால் மேக்னட்ரான் மின்னோட்டம் இழுக்காது, எச்98 வந்து நிற்கும். கம்பி முனையையும் கதவு சுவிட்சையும் முதலில் மாற்றட்டும். ஒரு குவளைத் தண்ணீரை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் போர்டைப் பற்றிப் பேசலாம்.

அத்தை, 2:05
முனையை மட்டும் மாற்றினால் தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்கிறார். நாளை போர்டையும் கையோடு கொண்டுவருவாராம்.

பெரியப்பா, 2:06
கொண்டுவரட்டும். போர்டு வரும் பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று சொல். நான் வந்து பார்க்கிறேன்.

சித்தப்பா, 2:07
பேசாமல் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமே.

அத்தை, 2:07
யார் வாங்குவது என்றும் எழுதியிருக்கலாம், சின்னண்ணா.

அக்கா, 2:31
சித்தப்பாவின் போன் அணைந்துவிட்டது போலிருக்கிறது.

மாமா, 2:40
பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். இப்போது அடுப்பைப் போட்டுப் பார்க்கலாமா?