96 ஆண்டுகள் வாழ்ந்த பாட்டியைப் பற்றி எழுதுவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையைப் பெற்ற பாட்டி சென்ற ஆண்டு தமது 96ஆம் வயதில் காலமானார். ஓராண்டு நிறைவதற்குள் அவரைப் பற்றி ஒரு சிறு நினைவு நூலை உறவினர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்து, எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். மூன்று மாதங்களாக எல்லாரிடமும் குறிப்புகள் கேட்டு வாங்கினேன். ‘அன்பின் வடிவம்’, ‘பொறுமையின் இலக்கணம்’, ‘குடும்பத்தின் ஆணிவேர்’ என்று வந்தவற்றைப் படித்தால், பெயரை மட்டும் மாற்றி யாருடைய பாட்டிக்கும் சூட்டிவிடலாம் போலிருக்கிறது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எல்லாருடைய நினைவிலும் இருப்பவர், நரைத்த தலையோடு சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்த மூதாட்டி மட்டுமே. மூத்த பிள்ளையான என் பெரியப்பாவுக்கு இப்போது 75 வயது. அவருக்கு விவரம் தெரியத் தொடங்கியபோதே பாட்டிக்கு இருபத்தைந்து கடந்துவிட்டது. அதற்கு முந்தைய பெண்ணை அறிந்தவர் என்று இன்று இருப்பவர் பாட்டியின் கடைசித் தங்கை ஒருவரே. அவருக்கு 88 வயது, காதும் சரியாகக் கேட்பதில்லை. இவை தவிர, சில கடிதங்களும் எழுபது எண்பது புகைப்படங்களும் ஓர் ஒலிநாடாவும் கையில் உள்ளன. எங்கிருந்து தொடங்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

கடிதங்களும் படங்களும் காத்திருக்கும்; 88 வயது காத்திருக்காது. ஆகவே முதலில் அந்தச் சின்னப் பாட்டியிடம் செல்லுங்கள். காது கேட்காவிட்டால் கேள்வியைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் காட்டுங்கள், அல்லது பேசாமல் ஒரு புகைப்படத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

முதியவர்களைத் தம் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 வயதிலிருந்து 30 வயது வரையிலான நிகழ்ச்சிகளே மற்றப் பருவங்களைவிட மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்பது உளவியலாளர்கள் பலமுறை கண்டறிந்த ஒன்று. உங்களுக்கு இல்லாத அந்தப் பருவந்தான் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ‘அக்கா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் அவரும் ‘தங்கமானவள்’ என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். பொருளைச் சுட்டியும் உடலைச் சுட்டியும் கேளுங்கள். அவருடைய மேற்கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கக்கூடும். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அறிவிப்பதற்கு முன் பிறந்த பலருக்கும் அது உண்டு. இருவருக்கும் ஒரே நாளில் குத்தினார்களா, யார் அழுதார், யார் ஓடி ஒளிந்தார் என்று கேட்டால் ஒரு முழுப் பகலே விரிந்து வரும்.

ஆண்டுகளை நேராகக் கேட்பதிலும் பயனில்லை. மனிதன் நிலவில் இறங்கிய 1969இலும் ஹாலி வால்நட்சத்திரம் வந்த 1986இலும் யார் எந்த வீட்டில் இருந்தார்கள், எந்தக் குழந்தை கைக்குழந்தை என்று கேட்டால் வரிசை தானாக அமைந்துவிடும். சொன்னதையே திரும்பச் சொன்னாலும் குறுக்கிடாதீர்கள். முதுமையில் பழையதைத் திரும்பத் திரும்ப நினைப்பது மூளைத் தளர்ச்சியின் அடையாளம் அன்று, வாழ்ந்ததைத் தமக்குள் சரிபார்த்துக்கொள்ளும் இயல்பான செயல் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963லேயே எழுதினார். என் அனுபவத்தில், மூன்றாம் முறை சொல்லும்போதுதான் முதல் இரண்டு முறை விட்டுப்போன ஆள் உள்ளே வருவார்.

மறுமொழி 2

மேலே சொன்னவை சரியே. ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்: அவருடைய கோபத்தையும் எழுதுங்கள்.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நூல் வெளியிட்டோம். பாட்டிக்கும் என் அத்தைக்கும் நான்கு ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததை, எதற்கு வம்பு என்று நானே நீக்கிவிட்டேன். அச்சான நூலை அத்தை பொறுமையாகப் படித்து முடித்து, மூடி வைத்துவிட்டு, “இது யாரைப் பற்றி எழுதியிருக்கிறாய்?” என்று கேட்டார். அந்த நான்கு ஆண்டுகள் இல்லாவிட்டால், அதன்பின் பாட்டி ஒருநாள் தாமாகப் படியேறி அவர் வீட்டுக்கு வந்ததற்கும் நூலில் இடமில்லை அல்லவா? அத்தையைப் பொறுத்தவரை தம் தாயின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய நிகழ்ச்சி வேறில்லை.

எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்னும் உளவியலாளர்கள், குடும்ப வரலாறு பற்றிய 20 கேள்விகளைக் குழந்தைகளிடம் கேட்டு ஆராய்ந்தனர். விடைகளை மிகுதியாக அறிந்திருந்த குழந்தைகளிடம் தன்மதிப்பும், தம் வாழ்க்கை தம் கையில் இருக்கிறது என்னும் உணர்வும் கூடுதலாக இருந்தன. ஏற்றத்தை மட்டும் சொல்லும் குடும்பக் கதையைவிட, விழுந்ததையும் எழுந்ததையும் சேர்த்துச் சொல்லும் கதையே பிள்ளைகளுக்கு வலுவூட்டுகிறது என்பது டியூக்கின் கருத்து. ஊரறிய எழுத முடியாதது எதுவும் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், அது வேறு. ஆனால் கடுஞ்சொல் பேசியவரைப் பொறுமைசாலி ஆக்காதீர்கள்.

மறுமொழி 3

எழுதுவதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, கையில் உள்ளவற்றைக் காப்பதைப் பற்றி மட்டும். புகைப்படத்தின் பின்புறம் பெயர் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் வரை தெரியும். சிறிய படங்களை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவிலாவது ஸ்கேன் செய்தால் பின்னணியில் உள்ளவற்றைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அதில் எதிர்பாராத செய்திகள் இருக்கும். ஒலிநாடாவைப் பழைய கருவியில் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, விவரம் அறிந்தவரிடம் கொடுத்து முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவு செய்துவிடுங்கள். பிறகு மூன்று நகல்கள், அவற்றில் ஒன்றாவது வேறொருவர் வீட்டில்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. சென்ற ஞாயிறன்று சின்னப் பாட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒலிநாடாவை இன்னும் தொடவில்லை.

நான் கொண்டுபோன படங்களில் ஒன்றில், பாட்டி தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து இடக்கையில் கத்தரிக்கோல் பிடித்திருப்பார். அவர் வலக்கையால்தான் எழுதுவார் என்பதால், படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டுவிட்டார்கள் என்றே எங்கள் வீட்டில் எப்போதும் சொல்வார்கள். சின்னப் பாட்டி படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துவிட்டு, “யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள்” என்றார். சிறு வயதில் இடக்கையால் எழுதியதற்காக அடித்து அடித்துக் கை மாற்றினார்களாம். அதன்பின் பிறர் எதிரில் வலக்கை, தனியாக இருந்தால் இடக்கை.

வீட்டுக்கு வந்து என் தந்தையிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசி ஆண்டுகளில் பாட்டியின் வலக்கை நடுங்கத் தொடங்கியபோது அவர் இடக்கையால் கையெழுத்துப் போட்டதையும், இந்த வயதில் எவ்வளவு விரைவாகக் கற்றுக்கொண்டார் என்று நாங்கள் எல்லாரும் அவரைப் பாராட்டியதையும், அதற்கு அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் சிரித்ததையும் பிறகு அவரே நினைவுபடுத்தினார்.

நேற்று அந்தப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டியின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. அதன் எண்கள் நேராகவே இருக்கின்றன.