டயர் எதனால் செத்தது? மலைப்பாதை ஓட்டுபவர்களின் அனுபவங்கள்

குன்னூர் சைக்கிள்காரன்

போன மாதம் தேயிலைத் தோட்டத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தேன். மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுத்தான். கவாத்து முடிந்த பகுதி. செடிகளெல்லாம் இலை இல்லாமல் குச்சி குச்சியாக நின்றன. ஒரு வளைவில் ஒரு சாண் உள்ளே ஒதுங்கிவிட்டேன். ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். பின் டயரின் பக்கச்சுவர் ஓர் அங்குலத்துக்குக் கிழிந்து, டியூப் அதன் வழியே குமிழ் மாதிரி வெளியே வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடித்தது.

பையில் மாற்று டியூப் இருந்தது. கிழிசலுக்கு என்ன செய்வது? பத்து ரூபாய் நோட்டை நான்காக மடித்து, கிழிசலுக்கு உள்பக்கமாக வைத்து, அதன் மேல் பால் பாக்கெட் கவரையும் வைத்து டியூபைப் போட்டேன். காற்று பாதிதான் அடித்தேன். வீடு வரை தாங்கியது.

எரிச்சல் என்னவென்றால், அந்த டயரில் மண்ணைப் பிடிக்கும் பட்டன்கள் இன்னும் புதுசு மாதிரி இருக்கின்றன. வாங்கும்போது நான் பார்த்தது அவற்றை மட்டும்தான். எடை குறைவு, 120 டிபிஐ என்று எழுதியிருந்தது, உயர்ந்த சரக்கு என்று எடுத்துவிட்டேன். இப்போது எதை வாங்குவது? சக்கரம் 29 இஞ்ச், டயர் அகலம் 2.25.

திருப்பூர் மிதி

தம்பி, டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்கிற கணக்குங்க. எங்கள் ஊரில் இதற்கு விளக்கமே வேண்டாம். நூறாம் நம்பர் நூலில் நெய்தது மென்மையாக இருக்கும், நாற்பதாம் நம்பர் கொஞ்சம் முரடு, ஆனால் அடி தாங்கும். டயரும் அப்படித்தான். 120 என்றால் மெல்லிய இழை. டயர் மேடுபள்ளத்துக்கு வளைந்துகொடுக்கும், லேசாக ஓடும், கல்லில் உரசினால் சீக்கிரம் கிழியும். 60 தடித்த இழை. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சில கம்பெனிகள் அடுக்குகளையும் சேர்த்து எண்ணுவார்கள்: 60 இழையில் மூன்று அடுக்கு இருந்தால் 180 என்று போடுவார்கள்.

அதனால் பக்கச்சுவருக்குத் தனி அடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மாக்ஸிஸ் கம்பெனி டயரில் எக்ஸோ என்று எழுதியிருப்பது அதுதான். நான் பின்னால் அதைத்தான் ஓட்டுகிறேன். பழைய டயரைவிட எடை கூடத்தான், ஏற்றத்தில் தொடை சொல்லும். பரவாயில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதைவிட மேல்.

ராம்நாடு ரைடர்

அண்ணே, உங்களுக்குக் கல்லும் குச்சியும். எங்களுக்கு மேலிருந்து சீமைக்கருவேலம், கீழிருந்து நெருஞ்சி. எவ்வளவு தடித்த டயர் போட்டாலும் கருவேல முள் நேராக உள்ளே போய்விடும். பக்கச்சுவர் கிழிந்து நான் பார்த்ததே இல்லை. ஒருமுறை கண்மாய்க் கரையில் ஆறு கிலோமீட்டருக்குள் நான்கு பஞ்சர். நான்காவதுக்கு ஒட்ட பேட்ச் தீர்ந்துபோய், சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர், “சைக்கிள் உன்னச் சுமக்கணுமா, நீ சைக்கிளச் சுமக்கணுமா?” என்று கேட்டார்.

அதற்கப்புறம் டியூபே வேண்டாம் என்று டியூப்லெஸ்ஸுக்கு மாறிவிட்டேன். டயருக்குள் நேராகக் காற்று, கூடவே ஓட்டையை அடைக்கும் ஒரு திரவம். கைப்பம்பில் அடித்தால் டயர் ரிம்மில் உட்காரவே இல்லை. பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய், ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, கம்ப்ரஸரில் அடித்ததும் ‘டப், டப்’ என்று இரண்டு பக்கமும் உட்கார்ந்தது. மெல்லிய வால்வு என்றால் அடாப்டரை நீங்களே கொண்டுபோங்கள், எங்கள் பக்கத்துக் கடைகளில் இருக்காது. இப்போது டயரில் எத்தனை முள் இருக்கிறது என்று எண்ணுவதே இல்லை. பிடுங்கினால் கொஞ்சம் வெள்ளைத் திரவம் கசியும், சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால் அடைத்துக்கொள்ளும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வெயிலில் அந்தத் திரவம் இரண்டு மாதத்தில் காய்ந்துவிட்டது. அது தெரியாமல் சித்திரையில் கிளம்பி, மறுபடியும் நடை.

குலசேகரம்

மக்கா, அந்தத் திரவ பாட்டிலை முதல்முதலாகத் திறந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே அமோனியா வாடை! ரப்பர் பால் உறையாமல் இருக்க எங்கள் தோட்டங்களில் ஊற்றுகிறார்களே, அதே மணம். பல பாட்டில்களில் இருப்பதே ரப்பர் பால்தான். டயருக்குள் காய்ந்து ஒட்டிக்கிடப்பதை எங்கள் பக்கம் ஒட்டுப்பால் என்போம். உரித்து எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், பழையதன் மேலேயே ஊற்றிக்கொண்டு போனால் எடைதான் ஏறும். வால்வைக் காதருகில் வைத்துச் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள், தளும்பல் கேட்கவில்லை என்றால் காய்ந்துவிட்டது.

திருப்பூர் மிதி

குன்னூர் தம்பிக்கு இன்னொன்று. இரண்டு டயரையும் ஒரே மாதிரி வாங்காதீர்கள். பின் டயர்தான் சீக்கிரம் தேயும், அதற்குக் கொஞ்சம் கெட்டியான ரப்பர், தடித்த சுவர். முன்னால் பிடிமானம் முக்கியம், அங்கே மென்மையான ரப்பர். பின் டயர் தேய்ந்ததும் முன் டயரைப் பின்னுக்கு மாற்றிவிட்டுப் புதியதை முன்னால் போடுகிறவர்களும் உண்டு. ஐப்பசி மழையில் உங்கள் செம்மண்ணுக்குப் பட்டன் நெருக்கமாக இருக்கக் கூடாது. நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு வழுவழுவென்று ஆகிவிடும்.

காற்று எவ்வளவு வைக்கிறீர்கள்? டியூப் போட்டுக்கொண்டு 22 பிஎஸ்ஐ என்று காற்றைக் குறைத்து ஓட்டி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் மாட்டி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை வாங்கியவன் நான்.

குன்னூர் சைக்கிள்காரன்

நான் வைத்தது 25, டியூபோடு. இப்போது புரிகிறது.

பின்னால் 60 டிபிஐ, பக்கச்சுவர் அடுக்கோடு, 2.4 அகலத்தில் எடுத்துவிட்டேன். வாங்கும் முன் சைக்கிள் ஃப்ரேமுக்கும் டயருக்கும் இடைவெளி எவ்வளவு என்று விரல் விட்டுப் பார்த்தேன், சுண்டுவிரல் தாராளமாகப் போகிறது. முன்னால் பழையதே இருக்கட்டும். மூன்று வாரமாக அதே தோட்டத்து வழி. பக்கச்சுவரில் இரண்டு கீறல் விழுந்திருக்கிறது, இழை வெளியே தெரியவில்லை.

அந்தப் பத்து ரூபாய் நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் கறுப்பாகிவிட்டது. டீக்கடையில் நீட்டினேன், அண்ணன் திருப்பிக் கொடுத்துவிட்டார்.