பழவேற்காடு முகத்துவாரம் முன்னாடி எங்க இருந்துச்சு? பழைய டோப்போஷீட் (சர்வே மேப்) வச்சு பாக்க முடியுமா?

நெய்தல்_செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மா ஊரு பழவேற்காடு பக்கம், ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல நீளமா போற அந்த மணல்திட்டுல ஒரு குப்பம். மாமாங்க எல்லாரும் கடல் தொழில்தான். முகத்துவாரம் அடைச்சுக்கிட்டா படகு வெளிய போக முடியாது, ஏரியிலயும் இறால் வரத்து கொறஞ்சிடும், அதனால ஊர்ல எப்பவும் இதே பேச்சுதான். பெரியவங்கள கேட்டா ஒருத்தர் ஏரி வாய் முன்னாடி இன்னும் தெக்கால இருந்துச்சுங்கறாரு, இன்னொருத்தர் இல்லவே இல்ல வடக்காலதான்னு அடிச்சு சொல்றாரு. ரெண்டு பேருமே சின்ன வயசுலேருந்து கடலுக்கு போனவங்க. பழைய சர்வே மேப் எடுத்து இப்போதைய சேட்டிலைட் படத்து மேல வச்சு பாத்தா யாரு சொல்றது சரின்னு தெரியுமா? மேப் எங்க கிடைக்கும்? க்யூஜிஐஎஸ் (மேப் சாஃப்ட்வேர்) கொஞ்சம் தெரியும்.

கோரமண்டல்72:
தெரியும்மா, ஆனா கொஞ்சம் பொறுமை வேணும். சர்வே ஆஃப் இந்தியா ஷீட் நம்பர்படி அந்த ஏரியா முழுக்க 66 சி. பழவேற்காடு ஊரு 66 சி/7ல வரும், ஸ்ரீஹரிகோட்டா தீவுக்கு 66 சி/2, சி/6 ரெண்டும் பாக்கணும். கடற்கரையிலேருந்து 80 கிமீ வரைக்கும் பெரிய அளவுகோல் ஷீட் எல்லாம் ரொம்ப காலம் தடை செஞ்ச லிஸ்ட்ல இருந்துச்சு, அதனால நம்ம கரையோர ஷீட்ட சாதாரண ஆளுங்க கண்ணாலகூட பாத்திருக்க மாட்டாங்க. 2005 மேப் பாலிசிக்கு அப்புறம்தான் பொதுமக்களுக்குன்னு ஓப்பன் சீரிஸ் தனியா போட்டாங்க, இப்ப 1:50,000 பிடிஎஃப் அவங்க போர்ட்டல்லயே லாகின் பண்ணி எடுத்துக்கலாம்.

பழசு வேணும்னா அமெரிக்க ராணுவ மேப் சர்வீஸ் 1950கள்ல போட்ட யு502 சீரிஸ் இருக்கு, டெக்சாஸ் யுனிவர்சிட்டி லைப்ரரி சைட்ல ஃப்ரீ, என்டி 44ல தேடுங்க. ஆனா அது 1:2,50,000, அதுல ஒரு அரை மில்லிமீட்டர் கோடுன்னா நிலத்துல 125 மீட்டர். முகத்துவாரம் 100 மீட்டர் நகந்துச்சான்னு அதுல பாக்கவே முடியாது. ஒரு மைலுக்கு ஒரு இஞ்ச் ஷீட் கிடைச்சா அதே கோடு 30 மீட்டர் சொச்சம்தான், அது உருப்படி. எக்மோர் ஆவணக் காப்பகத்துல கேட்டுப் பாருங்க, லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரியிலயும் இந்தியா ஆபீஸ் மேப் நெறைய இருக்கு.

டேட்டம்_தம்பி:
அக்கா, மேப்ப எடுத்ததும் நேரா டபிள்யூஜிஎஸ் 84ன்னு (இப்ப ஜிபிஎஸ் வச்சிருக்குற கணக்கு) போட்டு ஜியோரெஃபரன்ஸ் (மேப்ப பூமியில அதோட இடத்துல பொருத்துறது) பண்ணிடாதீங்க. பழைய ஷீட் எல்லாம் எவரெஸ்ட் ஸ்பீராய்டு, கல்யாண்பூர் டேட்டம், அதாவது பூமியோட வடிவத்துக்கும் இடத்த குறிக்குறதுக்கும் அப்ப வச்சிருந்த பழைய கணக்கு. க்யூஜிஐஎஸ்ல கல்யாண்பூர் 1880, 1937, 1975ன்னு தனித்தனியா இருக்கும், ஈபிஎஸ்ஜி கோடு நம்பர் 4243, 4144, 4146, ஷீட் எந்த காலத்துதுன்னு பாத்து எடுக்கணும். இத விட்டுட்டா நம்ம கரையில சுமாரா 200 மீட்டர் தள்ளிடும், பாக்குறவங்க கடல் 200 மீட்டர் உள்ள வந்துடுச்சுன்னு நெனச்சுப்பாங்க. இன்னும் பழசு, 1800கள்ல போட்டதுன்னா தீர்க்கரேகையே தப்பு, மெட்ராஸ் அப்சர்வேட்டரிக்கு அப்ப வச்சிருந்த கணக்கு ரெண்டரை நிமிஷம் (கோண அளவு) கிட்ட அதிகம், நிலத்துல அது 4 கிமீக்கு மேல. 1802ல வில்லியம் லாம்டன்ங்கற சர்வேயர் செயின்ட் தாமஸ் மவுன்ட் பக்கத்துல அளந்த பேஸ்லைன்லேருந்துதான் (அடிப்படைக் கோடு) இந்தியாவோட பெரிய முக்கோண சர்வேயே ஆரம்பிச்சுச்சு, அங்கேருந்து பழவேற்காடு சுமாரா 50 கிமீதான், நெனச்சா எனக்கு சிலிர்ப்பா இருக்கு.

முடிச்சதும் நகராத பொருள வச்சு செக் பண்ணுங்க. டச்சு கல்லறை, பழைய கோயில், மசூதி, பக்கிங்காம் கால்வாய் மாதிரி. மணல்திட்டு நுனியையோ கரையையோ கன்ட்ரோல் பாயின்ட்டா (மேப்ப பொருத்த வைக்கிற புள்ளி) வைக்கவே வைக்காதீங்க, அது நகந்துச்சான்னுதானே நாம தேடுறோம்.

கரைமணல்:
மேல சொன்ன எல்லாம் சரி, ஆனா எனக்கு முக்கியமா படுறது வேற. ஷீட் ஓரத்துல சர்வே பண்ண சீசன் போட்டிருப்பாங்க, மொதல்ல அத பாருங்க. சர்வேக்காரங்க பெரும்பாலும் மழை விட்டப்புறம்தான் களத்துல இறங்குவாங்க, அப்ப ஏரி ரொம்பி இருக்கும், முகத்துவாரம் அகலமா தொறந்திருக்கும். அதே இடம் வெயில் காலத்துல பாதி தூந்து கிடக்கும். ஏரி சராசரியா ஒரு மீட்டர் ஆழம்தான், தண்ணி கொஞ்சம் எறங்குனாலே எத்தனையோ சதுர கிமீ சேறா வெளிய தெரியும். அதனால ஒரு மேப்ல வரைஞ்ச வாய், அந்த சர்வேயர் நின்ன அந்த சீசனோட வாய், அவ்வளவுதான்.

நம்ம கரையில வருஷத்துல முக்காவாசி மாசம் மணல் தெக்கேருந்து வடக்க ஓடுது, வடகிழக்கு பருவமழை சமயத்துல திரும்பி தெக்க ஓடுது. வாயோட ஒரு பக்கம் நாக்கு மாதிரி வளரும், இன்னொரு பக்கம் கரையும், பெரிய வெள்ளமோ புயலோ வந்தா புதுசா வேற இடத்துல ஒடச்சுக்கும். அப்படின்னா உங்க ஊர் பெரியவங்க ரெண்டு பேரும் சரியா சொல்லியிருக்க நெறைய வாய்ப்பு இருக்கு, ஒவ்வொருத்தரும் வேற வேற வருஷத்த சொல்றாங்க. அவங்க கிட்ட வருஷம் கேட்காதீங்க, எந்த புயலுக்கு முன்ன, யாரு கல்யாணத்துக்கு அப்புறம்னு கேளுங்க, வருஷத்த நீங்களே கண்டுபிடிச்சிடலாம். அப்புறம் அத மேப் மேல ஒரு புள்ளியா வைங்க. மேப்புக்கு குடுக்குற மரியாதைய அவங்க சொல்லுக்கும் குடுக்கணும், ஏன்னா ரெண்டு ஷீட்டுக்கு நடுவுல 40, 50 வருஷம் இடைவெளி இருக்கும், அந்த இடைவெளியில அங்க இருந்தவங்க அவங்கதான்.

கோரமண்டல்72:
இத ஒத்துக்கறேன். அந்த இடைவெளிக்கு இன்னொரு வழியும் இருக்கு, கொரோனா உளவு சேட்டிலைட் படங்கள். 1960லேருந்து 72 வரைக்கும் எடுத்தது, 1995ல ரகசியம் நீக்கி வெளிய விட்டாங்க, யூஎஸ்ஜிஎஸ் எர்த் எக்ஸ்ப்ளோரர்ல தேடலாம், ஏற்கனவே ஸ்கேன் பண்ணது ஃப்ரீ. ஸ்ரீஹரிகோட்டாவுல மொத ராக்கெட் விட்டது 1971 அக்டோபர், அதுக்கு முந்தின தீவ பாக்கணும்னா இதுதான் வழி. 72க்கு அப்புறம் லேண்ட்சாட் சேட்டிலைட் படங்கள் இருக்கு. 2001ல எண்ணூர் துறைமுகம் வந்துச்சு, அப்புறம் காட்டுப்பள்ளி துறைமுகம், அங்க கடலுக்குள்ள கட்டுன கல்சுவருக்கு தெக்க மணல் சேரும், வடக்க அரிக்கும், மெட்ராஸ் ஹார்பர் கட்டுனப்புறம் மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் அரிச்சதும் இதே காரணம்தான். அதனால 2001க்கு முன்ன உள்ளதையும் பின்ன உள்ளதையும் ஒரே கோட்டுல சேர்த்து சராசரி போடாதீங்க.

நெய்தல்_செல்வி:
ரொம்ப நன்றி அண்ணா, தம்பி, எல்லாருக்கும். புயல வச்சு கேட்குறது எனக்கு தோணவே இல்ல. பொங்கலுக்கு ஊருக்கு போறேன், பெரிய மாமாவையும் கூட ஒக்கார வச்சு கேட்டு எழுதிக்கிட்டு வரேன். அதுக்குள்ள கொரோனா படம் ஒன்னு எடுத்துடறேன். அந்த படம் ஓரமெல்லாம் வளைஞ்சு இருக்குமாமே, அத நேராக்க க்யூஜிஐஎஸ்ல தின் ப்ளேட் ஸ்ப்ளைன் (புள்ளிங்கள வச்சு படத்த வளைச்சு பொருத்துற முறை) போதுமா?

டேட்டம்_தம்பி:
மணல்திட்டு மட்டும் வேணும்னா போதும் அக்கா, படத்த சின்னதா வெட்டிக்கோங்க, நிலம் தட்டை வேற, மேடு பள்ளம் தொல்லை இல்ல. ஆனா ஏரிக்கு மேற்கு பக்கம் உள்ள நகராத பொருள்லயும் புள்ளி வைங்க, கடல் பக்கம் மட்டும் வச்சா ஒரு பக்கமா இழுத்துக்கும்.